எட்டுப் பேர் போகிற வண்டி

1

இன்று சனிக்கிழமை. காலையில் ஒரு குடும்பம் எங்கள் வண்டியைப் பார்க்க வருகிறது. பிடித்தால் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். கழுவி, உள்ளே தூசி எடுத்து, பெரும்பாலும் மடித்தே கிடந்த கடைசி வரிசை இருக்கைகளை நிமிர்த்தி வைத்தாயிற்று. இனிக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அதனால் எழுதுகிறேன். கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு, "வெளிநாட்டில எல்லாரும் எவ்வளவு பெரிய வாகனத்தில போகினம்" என்று எங்கள் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இது உதவலாம். உதவாமலும் போகலாம். எனக்கு முன்பு சொன்னவர்களின் சொல்லை நான் கேட்டேனா?

இது எட்டுப் பேர் போகிற வண்டி. ஒன்பது வருடமாக இதில் தினமும் போய்வருகிறவள் நான் ஒருத்திதான். டொரொன்டோவுக்கு வெளியே, ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். என்னோடு வேலைக்கு வருவது ஒரு கைப்பையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும். சாப்பாட்டுப் பெட்டிக்கு ஓர் இருக்கை, கைப்பைக்கு ஓர் இருக்கை என்று கொடுத்தாலும் ஐந்து மிச்சம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் இருப்பதால் நாலு வாகனம் தள்ளி என்ன நடக்கிறது என்று தெரியும். உறைபனியில் சின்னக் கார்கள் வழுக்கி ஓரத்தில் கிடக்கும்போது இது எருமை மாதிரி நிதானமாகப் போகும். ஒருமுறை வழுக்கிக்கொண்டு போய்த் தடுப்பில் மோதினேன். வண்டிதான் நசுங்கியது, எனக்கு ஒரு கீறல் இல்லை. பெரிய லொறிகளுக்குப் பக்கத்தில் போகும்போது நெஞ்சு படபடக்காது. என்னைப் போல ஐந்தடி உயரமுள்ள, ஆங்கிலத்தில் வாய் திறக்கவே யோசிக்கிற ஒருத்திக்கு வீதியில் கிடைக்கிற ஒரே மரியாதை இந்த வண்டியின் உயரம்தான். இதை நான் வெட்கப்படாமல் சொல்கிறேன்.

கெட்டதையும் கேளுங்கள். பெற்றோல் குடிக்கும். வீட்டுக் கராஜுக்குள் போகாது. வெளியே நின்று பனி மூடிக்கிடக்கும், விடிய எழும்பிச் சுரண்டவேண்டும். கடைகளில் நிறுத்தினால் கோட்டைத் தாண்டி நிற்கும், பக்கத்துக் காரில் வருகிறவர் பல்லைக் கடிப்பார். மூக்குக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளை நின்றால் எனக்குத் தெரியாது. அதை நினைத்து ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் பக்கத்தில் ஊர்ந்துதான் போவேன். என் மகன் இதில் ஏறுவதில்லை. ஓர் ஆளைக் கொண்டுபோக இவ்வளவு இரும்பா என்று கேட்கிறான். பூமி சூடாவதற்கு அம்மாவும் ஒரு காரணமாம். அவன் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் இந்த வண்டியை ஓர் ஆளைக் கொண்டுபோக நான் வாங்கவில்லை.

2

கொழும்பில் நான் வேலைக்குப் போனதும் பெரிய வாகனத்தில்தான். காலி வீதியில் வருகிற நூறாம் நம்பர் பஸ். நானும் அக்காவும் ஒன்றாகப் போவோம். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். அப்பா நோயில் கிடந்தபோதும், அம்மா அவருக்குப் பின்னால் போனபோதும் வீட்டைத் தாங்கியது அவருடைய சம்பளம். கலியாணம் பேசி வந்தவர்களிடம் "தங்கச்சிக்கு முடியட்டும்" என்பார். எனக்கு முடிந்தது. அவருக்கு யாரும் பிறகு வரவில்லை.

வெள்ளவத்தைச் சந்தியில் காலை நேரம் பஸ் நிற்காது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அக்கா சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடுவார். ஒரு கை கம்பியைப் பிடிக்கும். மறு கை என் சட்டைக் கொலரைப் பிடித்து உள்ளே இழுக்கும். "ஏறடி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்!" கொண்டக்டர்கூடச் சிரிப்பான். உள்ளே மூச்சு விட இடமிருக்காது. யாரோ காலை மிதிப்பார்கள், யாரோ ஒருவரின் வியர்வை எங்கள் தோளில் ஒட்டும். அந்த பஸ்ஸை நான் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கு என் வண்டியில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு தனியே போகும்போது, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

நான் கலியாணமாகி இங்கே வந்த நாளில் கட்டுநாயக்கா விமானநிலையத்துக்கு ஒரு ஹையர் வேன் பிடித்தோம். உங்களுக்குத் தெரியாததா? ஒருவரை வழியனுப்ப ஒழுங்கைச் சனம் முழுக்க வரும். கொட்டாஞ்சேனையில் இருந்து வேன் கொண்டுவந்த ரஞ்சித் அய்யே சிங்களத்தில் ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "இட தியெனவா, நகின்ன, நகின்ன." இடம் இருக்கிறது, ஏறுங்கள். மேல் வீட்டு அன்ரி ஏறினார், அவருடைய பேத்திகள் இருவர் ஏறினார்கள், கடைசி நேரத்தில் பக்கத்துக் கடைக்காரரும் சும்மா பார்க்க என்று ஏறினார். கடைசியில் இடமில்லாமல் நின்றது பயணம் போகிற நான்தான். அக்கா என்னைத் தன் மடியில் இருத்திக்கொண்டு போனார். இருபத்தேழு வயது மணப்பெண், அக்காவின் மடியில்.

3

ஒன்பது வருடத்துக்கு முன் வாகனம் வாங்கப் போனபோது என் மனதில் இருந்தது அந்த வேன்தான். அப்போது அக்காவின் முதலாவது விசா விண்ணப்பம் போயிருந்தது. அக்கா வருவார், என்னோடு இருப்பார், வார இறுதியில் பிள்ளைகள், கணவருடைய தம்பி குடும்பம், எல்லாரும் ஒரே வண்டியில் கோயிலுக்குப் போவோம், கடற்கரைக்குப் போவோம் என்று நினைத்தேன். என் கணவர் சின்னக் கார் போதும் என்றார். நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

விற்பனைக்காரப் பொடியனிடம் எத்தனை பேர் போகலாம் என்று கேட்டேன். எட்டு என்றான். "சரி, பிள்ளைகளை மடியில் வைத்தால்?" என்று கேட்டேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் கணவர் என் காலை மிதித்தார். எட்டு இருக்கைப் பட்டி இருந்தால் எட்டுப் பேர்தான் என்று இந்த நாட்டில் சட்டம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்ட வாய் வெள்ளவத்தை வாய்.

இன்னொன்றையும் அவனிடம் கேட்டிருக்கவேண்டும். படி எவ்வளவு உயரம் என்று. அது எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்காகத்தானே வாங்குகிறோம், அக்கா ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர்.

4

விசா கிடைக்கவில்லை. பெற்றோர் என்றால், குலுக்கலில் பேர் விழுந்தால், கூப்பிடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. கூடப்பிறந்தவளுக்கு அந்த வழி இல்லை; சும்மா பார்த்துவிட்டுப் போகிற விசாதான். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, இப்படிப்பட்ட ஒருவர் வந்தால் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. வங்கிக் கணக்கைக் காட்டினோம், வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டினோம். மறுபடியும் அதே பதில். ஊரில் கணவனோ பிள்ளையோ பிடித்து இழுக்க இருந்தால்தான் நம்புவார்களாம். தங்கைக்காகத் தனியாக நின்றது ஒரு குற்றமாக மாறும் என்று அக்கா கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

வருடங்கள் போயின. பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகள் நாலு மணித்தியாலம் தள்ளி இன்னொரு நகரத்தில் வேலை எடுத்துக்கொண்டு போனாள். மகன் நகரத்துக்குள் போய் ரயிலும் சைக்கிளுமாகத் திரிகிறான். பெரியம்மாவுடன் வீடியோவில் கதைக்கச் சொன்னால் "ஹாய் பெரியம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். அதோடு அவனிடம் இருக்கிற தமிழ் முடிந்துவிடும். அக்கா "ஓம் ராசா" என்பார். அதற்குப் பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். அவர்களை எல்லாம் ஏற்றி இறக்க வாங்கிய வண்டியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

இடையில் கொழும்பில் பெற்றோலும் டீசலும் இல்லாத மாதங்கள் வந்தன. பஸ் இல்லை, ஓட்டோ இல்லை. அக்கா பம்பலப்பிட்டி வரை நடந்து போய் மருந்து வாங்கி வந்தார். ஒருநாள் போனில், "ஆரெண்டு தெரியாத ஒரு சிங்களப் பிள்ளை காரை நிப்பாட்டி, அம்மே நகின்ன எண்டு ஏத்திக்கொண்டு வந்து ஒழுங்கை வாசலில விட்டிது" என்று சொன்னார். அன்று நான் தாங்கி நிறைய எண்ணெய் அடித்துக்கொண்டு தனியே வந்தவள். மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் கொட்டுகிற மழையில் பஸ் தரிப்பில் ஒரு பெண் நனைந்துகொண்டு நின்றாள். கிளினிக்குக்குப் போகிற வழியில் தினமும் காண்கிற முகம். நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இடம் இருக்கிறது, ஏறுங்கள் என்றேன். அவள் இரண்டு அடி பின்னால் போய் போனைக் கையில் எடுத்தாள். அவளுடைய கண்ணில் இருந்தது பயம். பிறகு அந்தத் தரிப்பைத் தவிர்ப்பதற்காக வேறு வீதியால் போகத் தொடங்கினேன். அது சுற்று வழி, எண்ணெயும் கூட.

5

நாலாவது முறை விசா கிடைத்தது. ஆறு மாதம். நான் சமையலறையில் நின்று சத்தமாக அழுதேன்.

விமானநிலையத்துக்கு ஆறு பேர் போனோம். நான், கணவர், லீவு எடுத்துக்கொண்டு வந்த மகள், இவருடைய தம்பி, அவருடைய மனைவி, அவர்களுடைய மகள். ஏன் இத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கட்டுநாயக்காவுக்கு அப்படித்தானே போவோம். கடைசி வரிசையை நிமிர்த்தினால் பெட்டிகளுக்கு இடமில்லை, மடித்தால் ஆட்களுக்கு இடமில்லை என்பது அக்கா இரண்டு பெரிய பெட்டிகளோடு வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. தம்பி பெட்டிகளோடு டாக்ஸியில் வருவதாக முடிவானது. எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். தலை நரைத்திருந்தது, நடை கொஞ்சம் அசைந்து அசைந்து வந்தது. விமானத்தில் இருந்த களைப்பு என்று நினைத்தேன்.

முன் கதவைத் திறந்தேன். அக்கா படியைப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். பாதி வழியில் கால் நின்றது. இறக்கினார். "ஒரு நிமிஷம்" என்றார். இடது காலால் பார்த்தார். அதுவும் எழவில்லை. பின்னால் வாகனங்கள் நின்றன. மஞ்சள் சட்டைக் காவலாளி கையை ஆட்டி எடு எடு என்றான்.

"முழங்கால் நோவா அக்கா? சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ என்ன செய்திருப்பாய்? விசாவை வேண்டாமெண்டிருப்பாய்."

தம்பியின் மனைவி பின்னால் இருந்து தள்ளினாள். முடியவில்லை. கடைசியில் என் கணவரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அக்காவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அக்காவின் சுரிதார் ஒரு பக்கம் ஏறிப்போனது. அவர் அதை இழுத்துவிட்டுக்கொண்டு, "மெயின் ஸ்ட்ரீட்டில மூட்டை தூக்கிற நாட்டாமைமார் சாக்கு ஏத்துற மாதிரி ஏத்திப்போட்டியள்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் வீடு வரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

6

அடுத்த நாளே ஒரு மடிக்கிற ஸ்டூல் வாங்கினேன். ஊதா நிறம். அதில் ஏறி, பிறகு படியில் ஏறி, பிறகு என் தோளைப் பிடித்து இருக்கையில் ஏறவேண்டும். வீட்டு வாசலில் அக்கா அப்படி ஏறினார். வெளியில் ஏறுவதுதான் கரைச்சலாக இருந்தது.

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் நான் ஸ்டூலை விரித்து வைத்துவிட்டு நிற்கிறேன், அக்கா ஒரு கால் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு குரல்.

"நீங்கள் வெள்ளவத்தை மாலா அக்கா எல்லே? நூறாம் நம்பரில தொங்கிக்கொண்டு வாற மாலா அக்கா!"

அந்தக் காலத்தில் அதே பஸ்ஸில் வந்த ஒருத்தி. நல்ல மனதோடுதான் கத்தினாள். தன் கணவரைக் கூப்பிட்டு, "இவ ஓடுற பஸ்ஸைப் பிடிக்கிற ஆள், தெரியுமே!" என்று கதை சொன்னாள். அக்கா ஸ்டூலில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேலே ஏறவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் நின்றார்.

அதற்குப் பிறகு அக்கா வெளியே வரவில்லை. "எனக்குக் களைப்பாயிருக்கு, நீங்கள் போட்டு வாங்கோ" என்பார். கணவரின் கார் தரையோடு பதிந்தது. அதில் இருந்துவிடலாம், இறங்கும்போது எழும்ப முடியாது. அதுவும் இரவு வேலைக்குப் போய்விடும். பஸ் தரிப்பு நடக்கிற தூரத்தில் இல்லை. நான் வேலைக்குப் போனபிறகு அக்கா ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வீதியைப் பார்த்திருப்பார். வீதியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தனித்தனி ஆட்கள் பெரிய பெரிய வண்டிகளில் போவார்கள், வருவார்கள்.

சின்ன வண்டி ஒன்று மாற்றுவோம் என்றேன். "எனக்காக ஒண்டும் மாத்தாத" என்று கோபப்பட்டார். மூன்றாவது மாதம் பயணச்சீட்டைத் தானே போனில் மாற்றிவிட்டு வந்து சொன்னார். நான் கெஞ்சினேன். அங்கே நாலாம் மாடியில் தனியே இருக்கிறார், லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் வேலை செய்யாது, ஏதாவது நடந்தால் கதவை உடைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். வாயில் வரக்கூடாத சொல்லையும் சொன்னேன்.

"லிஃப்ட் வேலை செய்யிற நாளில கீழ வந்தா வாசலில ஓட்டோ நிக்கும்" என்றார் அக்கா. "குனிஞ்சு இருந்தாச் சரி. 'மல்லி, மார்க்கட்டுக்கு' எண்டா அந்தத் தம்பி கொண்டுபோய் விடுவான். இஞ்ச ஒரு தேங்காய் வாங்கிறதெண்டாலும் உன்ர தோளைப் பிடிக்கவேணும். இனி என்னைக் கூப்பிடாத. நான் இனி வரமாட்டன்."

வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று விசா அதிகாரி பயந்த பெண், கொடுத்த காலத்தில் பாதியிலேயே திரும்பிப் போனார். இதை அந்த அதிகாரிக்கு யாராவது சொன்னால் நல்லது.

வழியனுப்ப நான் மட்டும்தான் போனேன். அக்கா ஸ்டூலில் கால் வைத்து இறங்கினார். பிறகு குனிந்து அதைத் தானே மடித்து உள்ளே வைத்தார். "எறிஞ்சுபோடாத, நல்ல ஸ்டூல்" என்றார். நான் அதை அவருடைய சிக்கனம் என்று நினைத்தேன்.

இன்றோடு ஒரு வருடம்.

7

மேலே உள்ளது அவர்கள் வருமுன் எழுதியது. இது அவர்கள் போனபின்.

வந்தவள் கொட்டாஞ்சேனைப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கூட. பிள்ளைகள் நேராகக் கடைசி வரிசைக்கு ஓடி ஏறிக் குதித்தார்கள். ஒன்பது வருடத்தில் அந்த வரிசையில் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

"இவ்வளவு பெரிசு எதுக்கம்மா? நாலு பேர்தானே நீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா அம்மாவை எடுக்கப்போறோம்க்கா. கூப்பிடுறதுக்கு எழுதியிருக்கோம், குலுக்கல்ல இன்னும் பேர் விழல்ல. இந்த வருசம் விழாட்டி அடுத்த வருசம். வந்தாங்கன்னா எல்லாரும் ஒண்ணாப் போகணும்ல?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பனியில் நன்றாகப் போகும் என்றேன். எண்ணெய் குடிக்கும், கராஜுக்குள் போகாது, முன்னால் நிற்கிற பிள்ளை தெரியாது என்றேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் தலையாட்டினாள். பிறகு அவளே கேட்டாள்.

"வயசானவங்க ஏறலாமாக்கா?"

சொல்லியிருக்கலாம். வேண்டாம் தங்கச்சி, பதிந்த படியுள்ளதாகப் பார், பேர் விழுகிற நேரத்தில் அவர்களுக்கு என்ன வயதாகுமோ தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். உள்ளே கிடந்த ஸ்டூலை எடுத்துக் காட்டி, "இதையும் கொண்டுபோங்கோ, உதவும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ஸ்டூலாக்கா? எங்க அப்பா இப்பவும் ஓடுற பஸ்ல ஏறுவாரு."

ஸ்டூலை என் கையிலேயே தந்தாள். வண்டி போய்விட்டது. நின்ற இடத்தில் எண்ணெய் ஒழுகிய கறை ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை தொடக்கம் கணவரின் கார் இரவு வேலை முடிந்து வந்தபிறகு அதில்தான் போகவேண்டும்.

அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அக்காவுக்குப் போன் எடுத்தேன். லிஃப்ட் இன்று வேலை செய்ததாம், மார்க்கட்டுக்குப் போய் வந்தாராம். நான் சொன்னேன்.

"அக்கா, வண்டியை வித்துப்போட்டன்."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தரம் "ஹலோ" சொன்னேன்.

"அப்ப நான் வந்தா என்னை எதில ஏத்துவாய்?" என்றார் அக்கா.

ஸ்டூல் இன்னும் என் மடியில் இருந்தது. அதன் காலை விரித்து, பிறகு மடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே, "சரி, போனை வை, சோறு ஆறுது" என்றார்.